சைலன்சர் மாற்றுவது யாருடைய குலத்தொழில்?

போன ஆடி மாதம் எங்கள் காரின் சைலன்சரைக் கழற்றிப் புதிது மாட்டினோம். ஒர்க் ஷாப்பில் அல்ல, தென்காசியில் என் வீட்டு வாசலில். இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஒரு தோழர், "வன்கொடுமை வழக்கைப் பத்தி எழுதுவீங்கன்னு பார்த்தா, சைலன்சரைப் பத்தியா?" என்று கேட்டார். இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இல்லை தோழர். படித்துப் பாருங்கள்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டு மாடல், சின்ன பெட்ரோல் கார். நான்கு பேர் பணம் போட்டு வாங்கினோம். அதற்கு நாங்கள் நாலாவது ஓனர். ஒரு கிராமத்தில் பிரச்சினை என்றால் கள ஆய்வுக்குப் போவது, அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, சாட்சிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவது எல்லாம் இந்தக் காரில்தான். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 11ஆவது விதி, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படியும் தினப்படியும் தர வேண்டும் என்று சொல்கிறது. அந்தப் பணத்தைக் கேட்டு வாங்க வேண்டும், அது உரிமை. ஆனால் விசாரணை நாளன்று காலை ஆறு மணிக்குக் காலனி வாசலில் ஒரு வண்டி வந்து நிற்க வேண்டும். சாட்சி ஊர் பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கக்கூடாது. அங்கே எதிரியின் சொந்தக்காரர்களும் நிற்பார்கள். பல வழக்குகள் நீதிமன்றத்தில் தோற்பதற்கு முன்னால் பஸ் ஸ்டாப்பிலேயே தோற்றுப் போகின்றன.

வண்டி என்பது நம் மக்களுக்கு எப்போதும் வெறும் வண்டியாக இருந்ததில்லை. செங்கோட்டையைத் தாண்டி மலை ஏறினால் பழைய திருவிதாங்கூர். சொல்லப்போனால் 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையே அந்தப் பக்கத்தோடுதான் இருந்தது. அந்தச் சமஸ்தானத்தில் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893இல் ஒரு வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். புலையர் நடந்துகூடப் போகக்கூடாத சாலை அது. அவர் கையில் வைத்திருந்த மனு ஒரு மாட்டுவண்டிதான். இந்தப் பக்கம் சென்னை மாகாணத்தில், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் பொது என்ற தீர்மானத்தை 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் சில தெருக்களில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன கதையை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறோம். ஆகவே எங்கள் காரை ஓடுகிற நிலையில் வைத்திருப்பது எங்கள் வேலையில் சேர்ந்தது.

அந்தக் கார் ஜூன் மாதம் சாரல் தொடங்கிய சமயத்தில் சத்தம் போட ஆரம்பித்தது. வயதான வண்டி, ஏதோ பேசுகிறது என்று முதலில் எல்லோரும் சிரித்தோம். ஒரு நாள் புளியங்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தோம். மழை. கண்ணாடியை எல்லாம் ஏற்றி விட்டிருந்தோம். பின்சீட்டில் இருந்த இரண்டு பெண்களுக்கும் தலைவலி, குமட்டல். "காலையில இருந்து சாப்பிடல்லயே, அதுதான்" என்றார் ஒரு அக்கா. கடையநல்லூரில் டீக்கடையில் இறங்கிக் காற்றில் நின்றதும் இருவருக்கும் சரியானது. மறுபடி காரில் ஏறிப் பத்து நிமிஷத்தில் மறுபடி தலைவலி. பசித் தலைவலி காரில் ஏறினால் வருவதும் இறங்கினால் போவதுமாக இருக்காது. மிச்ச தூரத்தை மழையில் நனைந்துகொண்டு கண்ணாடியை இறக்கி விட்டபடியே வந்தோம்.

மறுநாள் எங்கள் தெருவில் இருக்கும் மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்தார். முப்பது வருஷம் ஒர்க் ஷாப்பில் வேலை செய்தவர், இப்போது முதுகுவலியால் வேலையை நிறுத்திவிட்டார். "நடு பைப்புல ஓட்டை தங்கச்சி. பின்னாடி போக வேண்டிய புகை உள்ள வருது. கண்ணாடிய ஏத்திட்டு இன்னும் ரெண்டு மணி நேரம் ஓட்டியிருந்தா சிரிப்பு நின்னிருக்கும்" என்றார்.

அந்தப் புகையில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு விட்டுக்கொண்டே இருப்போம், ஆனால் உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. தலைவலி, குமட்டல், தூக்கம், மயக்கம், அப்புறம் எழுந்திருக்காமல் போவது. மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட விடாதே என்று சொல்வதும், கிணற்றுக்குள் பெட்ரோல் மோட்டாரை இறக்கி ஓட்டாதே என்று சொல்வதும் இதனால்தான். சொந்தமாக வண்டி இல்லாத தோழர்களும் இந்த வாயுவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அதற்குத் திரும்பி வருவோம்.

சைலன்சர் என்று நாம் மொத்தமாகச் சொல்வது ஒரே சாமான் அல்ல. எஞ்சினில் எரிந்த புகையைச் சேர்த்து வாங்கும் மேனிஃபோல்டு, அதிலிருந்து இறங்கும் முன் பைப், விஷத்தைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், நடு பைப், கடைசியில் சத்தத்தைக் குறைக்கும் டப்பா. அந்த டப்பாதான் உண்மையான சைலன்சர். இவை எல்லாம் வண்டியின் அடிவயிற்றில் ரப்பர் வளையங்களில் தொங்கிக்கொண்டிருக்கும். இரும்பு இறுக்கிப் பிடித்தால் எஞ்சின் ஆடும் ஆட்டத்தில் விரிசல் விட்டுவிடும், அதனால்தான் ரப்பர்.

இது ஏன் துருப்பிடிக்கிறது? மழையால் மட்டும் என்று நினைத்திருந்தேன். அண்ணன் வேறு சொன்னார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்றாகச் சூடாகி அந்த ஆவி வெளியே போய்விடும். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு ஓடி ஓடி நிற்கும் வண்டியில் ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கிவிடும். புகையில் இருக்கும் அமிலமும் அதில் கலக்கும். குழாய் உள்ளிருந்து அரிக்க ஆரம்பிக்கும். வெளியிலிருந்து குற்றாலச் சாரல் தன் பங்குக்கு நனைக்கும். ஓட்டை நம் கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே பாதிக் குழாய் போயிருக்கும்.

ஒர்க் ஷாப்பில் எட்டாயிரம் ரூபாய் கேட்டார்கள். அது நியாயமான கூலியாகவும் இருக்கலாம். எங்களிடம் அந்தப் பணம் இல்லை. பாகங்களை மட்டும் வாங்கினால் மூவாயிரத்து ஐந்நூறுக்குள் முடியும் என்றார் அண்ணன். "நான் சொல்லுதேன், நீங்க செய்யுங்க. என் முதுகு அடியில போவாது." கயிற்றை யார் கையில் எடுப்பது என்று பேசிக்கொண்டிருக்காமல் நான் செய்கிறேன் என்றேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, மண்ணுல படுத்துக் கரியப் பூசவா உன்னைப் படிக்க வச்சோம்?"

என் அம்மா இருபத்தைந்து வருஷம் பீடி சுற்றியவர். அப்பா வயல் வேலை. அவர்கள் இருவரும் சேர்ந்து என்னை சமூகவியலில் முதுகலை வரைக்கும் படிக்க வைத்தது, அவர்கள் கையில் இருந்தது என் கைக்கு வரக்கூடாது என்பதற்காக. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இதுதான் கதை. படிப்பு என்றால் கை சுத்தமாவது. அம்மாவின் கேள்வியைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1953இல் ராஜாஜி தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில். கேட்பதற்குக் கைத்தொழிலை மதிப்பது போலத்தான் இருந்தது. ஆனால் யாருடைய பெற்றோருக்கு என்ன தொழில் என்பதை யார் தீர்மானித்தது? மலம் அள்ளியவரின் பிள்ளை பிற்பகலில் எங்கே போக வேண்டும்? அதனால்தான் பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார்கள். ராஜாஜி பதவி விலகினார். 1954இல் காமராசர் வந்து அதைக் கைவிட்டார்.

எழுபது வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சர், கொல்லர், குயவர், செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், துணி வெளுப்பவர் என்று 18 தொழில்கள். குடும்ப வழியாகத் தொழில் செய்பவர்களுக்குக் கடனும் பயிற்சியும், பதினெட்டு வயதிலிருந்தே. பதினெட்டு வயது என்பது பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வயது. குடும்பத்தொழில் என்ற நிபந்தனையை எடுக்க வேண்டும், குறைந்தபட்ச வயதை 35 ஆக்க வேண்டும் என்று கேட்டு, இப்போதுள்ள வடிவத்தில் இதைச் செயல்படுத்த மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் எழுதியது. பிறகு சாதி வரம்பில்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. எந்த அரசையும் புகழ்வது என் வேலை அல்ல. ஆனால் இந்த விவாதத்தின் மையம் என்ன என்பதை என் அம்மா ஒரே வரியில் கேட்டுவிட்டார்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த 18 தொழில்களில் கார் மெக்கானிக் இல்லை.

அம்மாவைச் சமாதானப்படுத்தவில்லை. அவர் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வேலையைத் தொடங்கினோம்.

முதல் நாள் சாயங்காலமே துருப்பிடித்த எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்தோம். ராத்திரி முழுக்க ஊற வேண்டும். காலையில் எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான் தொட வேண்டும். ஓடி நின்ற வண்டியின் பைப் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் தோலை உரிக்கும். தரை சமமாக இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். ஜாக்கியில் தூக்கியதும் நான் குனிந்தேன். அண்ணன் அதட்டினார். "ஜாக்கி தூக்கத்தான் தங்கச்சி, தாங்க இல்ல. அத நம்பி அடியில போனவன் எத்தனை பேரு தெரியுமா?" வாடகைக்கு வாங்கி வந்த இரும்பு ஸ்டாண்டுகளை இரண்டு பக்கமும் வைத்து, அதன் மேல் வண்டியை இறக்கி, கையால் வண்டியை உலுக்கிப் பார்த்த பிறகுதான் என்னை அடியில் விட்டார். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை. மல்லாந்து படுத்து மேலே பார்த்தால் முதலில் விழுவது துரு, அதுவும் நேராகக் கண்ணில்.

கன்வெர்ட்டர் நன்றாக இருந்தது. அதற்குப் பின்னால் உள்ளதை மட்டும் மாற்றினால் போதும். கன்வெர்ட்டரும் நடு பைப்பும் சேரும் இடத்தில் இரண்டு ஸ்பிரிங் போல்ட்டுகள். ஒன்று கழன்றது. இன்னொன்றை நம்பர் சரியில்லாத ஸ்பேனரால் திருப்பினால் தலை தேய்ந்து உருண்டையாகிவிடும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கிக் கொடுத்தார். ஒரே இழுப்பாக இழுக்காமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி எண்ணெய் விட்டு என்று முக்கால் மணி நேரம். கடைசியில் 'டக்' என்று விட்டது. கிளாம்ப் ஒன்று எதற்கும் மசியவில்லை, அதை ஆக்சா பிளேடால் அறுத்தோம். தொங்கும் ரப்பர்களில் சோப்புத் தண்ணீர் தடவி நெம்பினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பைப் திடீரென்று மார்பில் விழாமல் இருக்க, கடைசி ரப்பரைக் கழற்றும் முன்பே அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தோம்.

புதிதை மாட்டும்போது ஒரே ஒரு விதி. எதையும் உடனே இறுக்காதே. முதலில் எல்லாவற்றையும் புது ரப்பரில் தொங்க விடு. மூட்டுகளில் புது பேக்கிங் வை, பழையதை மறுபடி வைக்காதே. நட்டுகளைக் கையால் மட்டும் திருகி நிறுத்து. பைப் எங்கேயும் பாடியில் இடிக்கவில்லை என்று பார். அப்புறம் முன்னாலிருந்து பின்னால் வரிசையாக இறுக்கு. பின்னாலிருந்து இறுக்கிக்கொண்டு வந்தால் முன்னால் கோணல் விழும், ஆறு மாதத்தில் அதே இடத்தில் புகை கசியும்.

வேலைக்கு நடுவில் அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். "எனக்குத் தொழில் கத்துக் குடுத்தது ஒரு பாய். அவருக்குக் கத்துக் குடுத்தது கொல்லத்துக்காரர் ஒருத்தர், மலையாளி. நான் கத்துக் குடுத்த பையங்கள்ல ஒருத்தன் தேவர் வீட்டுப் பிள்ளை, ஒருத்தன் நம்ம காலனி, ஒருத்தன் கிறிஸ்தவன். ஸ்பேனர் யார் கையில இருந்தாலும் நட்டு அதே பக்கம்தான் திரும்பும்."

அடியில் படுத்திருந்த எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. சைலன்சர் மாற்றுவது எந்தச் சாதிக்கும் குலத்தொழில் இல்லை. மனுவுக்குக் கார் தெரியாது. இந்த வேலையைச் செய்யப் பிறந்தவர் என்று யாரையும் எந்தச் சாஸ்திரமும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இதைவிட அழுக்கான வேலை என்ன இருக்கிறது? கரி, துரு, கிரீஸ், மண்ணில் படுப்பது, விஷப்புகை. வேலை முடித்து எழுந்தபோது என் கை முழங்கை வரை கறுப்பு. அந்தக் கையோடு தெருக்கோடி டீக்கடையில் போய் நின்றால் யாரும் ஒதுங்க மாட்டார்கள். மண்ணெண்ணெயும் சோப்புத் தூளும் போட்டால் கறை போய்விடும். மெக்கானிக்கின் கைக்கறைக்குத் தீட்டு இல்லை.

அப்படியானால் அழுக்கு சாதியை உண்டாக்கவில்லை. நம் வகுப்புகளிலும் கூட்டங்களிலும் இன்னும் சிலர் சொல்கிறார்கள்: அந்த மக்கள் அசுத்தமான வேலை செய்ததால் ஒதுக்கப்பட்டார்கள் என்று. தலைகீழ்ப் பாடம் இது. ஒதுக்கப்பட்டவர்கள் மேல் வேலை சுமத்தப்பட்டது. 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் சொன்னது இதைத்தான்: சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களைப் பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கியது. அந்தப் பிரிவில் மனிதனின் விருப்பத்துக்கோ திறமைக்கோ இடமில்லை. பிறப்புதான் எல்லாம். முதுகலையில் இதைப் பரீட்சைக்குப் படித்தேன். நட்டைத் திருப்பியபோதுதான் அது கைக்கு வந்தது.

ஒர்க் ஷாப்பைச் சமத்துவபுரம் என்று சொல்லவில்லை. அண்ணனே சொன்னார். அவர் சொந்தமாகக் கடை போட நினைத்தபோது மெயின் ரோட்டில் ஷெட் காலியாக இருந்தது, அட்வான்ஸ் பணமும் தயாராக இருந்தது. "எந்தத் தெரு தம்பி?" என்று கேட்டார்கள். தெருவைச் சொன்னதும் ஷெட் வேறு யாருக்கோ பேசியாகிவிட்டது என்றார்கள். "வண்டிக்கு அடியில படுத்திருக்க வரைக்கும் நம்ம சாதி யாருக்கும் தெரியாது தங்கச்சி. எந்திரிச்சு, கடைக்கு இடம் கேட்டாத்தான் தெரியும்." கருவிக்குச் சாதி இல்லை. கருவி வைக்கும் நிலத்துக்கு இருக்கிறது. திறமையைக் கற்றுக்கொள் என்று நம் பிள்ளைகளிடம் சொல்லும் திட்டங்கள் எல்லாம் இந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடுகின்றன.

எஞ்சினைத் திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். குமிழி வரவில்லை. சத்தம் அடங்கிவிட்டது. முதல் அரை மணி நேரம் புது டப்பாவின் எண்ணெய்ப் பூச்சு எரிந்து லேசாக வாடை வந்தது, அது சகஜம். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கினோம்.

பழைய குழாயை எடைக்குப் போடக் கூப்பிட்டபோது வந்த இரும்பு வியாபாரி கன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டார். அதைக் கழற்றித் தந்தால் நல்ல விலை தருவதாகவும், அந்த இடத்தில் வெறும் பைப்பை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. எங்களுக்குப் பணம் தேவைதான். ஆனால் கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாக மாற்றுவது அந்தப் பூச்சு. அதைக் கழற்றினால் காருக்குள் இருக்கும் எங்களுக்கு ஒன்றும் ஆகாது. புகை பின்னால் போய்விடும். பின்னால் யார் இருக்கிறார்கள்?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 112 என்று ஒரு விதி இருக்கிறது. காரின் புகையைக் கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ விடக்கூடாது, பின்பக்கமோ வலப்பக்கமோதான் விட வேண்டும் என்று அது சொல்கிறது. நம் நாட்டில் இடப்பக்கம்தான் சாலையோரம், அதாவது நடந்து போகிறவரும் தரையில் கடை விரித்திருப்பவரும் இருக்கும் பக்கம். மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்தை மீறி வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இன் கீழ் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். காரில் இருப்பவனின் புகை சாலையில் இருப்பவனின் மூச்சில் போகக்கூடாது என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

சீசனில் குற்றாலத்துக்கு வந்து பாருங்கள். பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் போகும் ரோட்டில் கார்கள் நகராமல் வரிசையாக நிற்கும். வெளியே சாரல், உள்ளே ஏசி, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். சைலன்சர் வாய் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில். ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்க ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் முகமும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான். சுற்றுலா வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன ஈரத்துணியையும் ஷாம்பு கவரையும் குனிந்து பொறுக்கும் தூய்மைப் பணியாளர்களும் அந்தப் புகைக்குள்தான். அவர்கள் யார் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அருவியின் காற்றைச் சுவாசிக்க ஊர் வருகிறது. ஊரின் புகையைச் சுவாசிக்க ஒரு சாதி நிற்கிறது. கன்வெர்ட்டரை விற்கவில்லை.

இப்போது அந்த வாயுவுக்குத் திரும்புவோம். ஒரு காருக்கு அடியில் நான் போவதற்கு முன்னால் எத்தனை எச்சரிக்கைகள்! ஸ்டாண்டு வை, கண்ணாடி போடு, கையுறை போடு, ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட்டாதே. எந்த மெக்கானிக்கும் இதைச் சொல்வார். எந்தக் கையேட்டிலும் இது இருக்கும். கார்பன் மோனாக்சைடு கொல்லும் என்று உலகத்துக்கே தெரியும்.

கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் வாயு இருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன். அதுவும் கொல்லும் என்று உலகத்துக்குத் தெரியும். கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்தத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம் 2013இல் வந்தது. பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் தொட்டியிலும் ஆளை இறக்குவதை அதன் 7ஆவது பிரிவு தடை செய்கிறது. அதன் விதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாதுகாப்புச் சாதனங்களின் பட்டியல் இருக்கிறது, வாயுவை அளக்கும் கருவி உட்பட. 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் வழக்கில், 1993இலிருந்து இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை என்பதால்தானே தொகை உயர்கிறது? இந்த மரணங்கள் அதிகம் பதிவான மாநிலங்களில் ஒன்று நம் தமிழ்நாடு.

இரண்டும் விஷவாயு. இரண்டும் அழுக்கு. ஒரு இடத்தில் எச்சரிக்கை வழக்கமாகிவிட்டது, இன்னொரு இடத்தில் சட்டம் வந்தும் வழக்கமாகவில்லை. காருக்கு அடியில் யார் வேண்டுமானாலும் படுக்கலாம், எந்தச் சாதிப் பிள்ளையும் படுக்கலாம், ஓனரே படுக்கலாம். ஆகவே அங்கே உயிருக்கு மதிப்பு வந்தது. தொட்டிக்குள் யார் இறங்குவார்கள் என்பது பிறப்பிலேயே முடிவாகியிருக்கிறது. ஆகவே அங்கே கயிறும் வாளியும் போதும் என்று நினைக்கிறார்கள். எல்லாச் சாதிக்காரரும் மாறி மாறி இறங்க வேண்டும் என்று ஒரு வாரம் சட்டம் போட்டால், அடுத்த வாரம் தமிழ்நாட்டில் இயந்திரம் இல்லாத பஞ்சாயத்து இருக்காது.

எனவே மாணவத் தோழர்களே, கைவேலையின் பெருமையைப் பற்றி யாராவது உங்களிடம் பேசினால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு முடியுமா? என் உயிருக்கு என்ன பாதுகாப்பு? நாளைக்கு இதே வேலைக்கு நான் கடை போட்டால் மெயின் ரோட்டில் இடம் கிடைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது தொழில். எந்த வேலையாக இருந்தாலும் செய்யலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அங்கே சாதி இருக்கிறது, அதற்கு எவ்வளவு அழகான பெயர் வைத்திருந்தாலும்.

அதே சமயம் கருவிகளைக் கண்டு ஒதுங்காதீர்கள். படித்த கைகள் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பதும் அவர்கள் கற்றுக் கொடுத்ததுதான். ஒரு இயக்கத்தில் மனு எழுதத் தெரிந்தவர் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு மழை ராத்திரியில் நின்றுபோன வண்டியைக் கிளப்பத் தெரிந்தவரும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. பெண் தோழர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்கிறேன். ஆள் தெரியாத ஊரில் உதவி கேட்டு நிற்பதைவிட, டிக்கியில் ஒரு ஸ்பேனர் செட் இருப்பது பாதுகாப்பு.

எங்கள் வீட்டு வாசலில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்போது நாலைந்து பேர் கூடுகிறோம். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார், நாங்கள் செய்வோம். போன மாதம் பிரேக் ஷூ. கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒரு தங்கை, தாசில்தார் ஆக வேண்டும் என்று படித்துக்கொண்டிருக்கிறாள். அவளை யாரும் மெக்கானிக் ஆகச் சொல்லவில்லை. விருப்பப்பட்டால் ஆகலாம், வேண்டாமென்றால் விடலாம். நாம் கேட்டுக்கொண்டிருப்பது அந்த 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையைத்தான்.

ஜெய்பீம்.